நான் யாருன்னு தெரியுதா?

எங்கள் வீட்டு டீ நன்றாக இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், டாக்டர் ஜெனிபர். இஞ்சியைத் தட்டிப் போட்டு, பால் ஒருமுறை பொங்கி அடங்கிய பிறகுதான் தூள் போடுவேன். வாசலுக்கு வந்த யாரையும் அந்த டீ கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை. என் கணவர் அந்தோணி செத்ததற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் வந்தீர்கள். நீங்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் அவரைப் பற்றி ஒரு பத்தி வரப்போகிறது, பெயர் இருக்காது, சம்மதமா என்று கேட்டீர்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றிப் பக்கவாதம் வந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் போய், ரத்தம் எடுத்து, கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறவர் நீங்கள். ஆள் தூங்கினானா விழித்தானா என்பது பட்டையில் பதிவாகிவிடும். அவருடைய பட்டையில் தூக்கம் துண்டு துண்டாக இருந்ததாம். தூக்கத்தை நடத்தும் இடமே அவர் மூளையில் கெட்டுவிட்டது, அதனால் பழுது பார்க்கும் ஜீன்கள் வேலையைத் தொடங்கவில்லை, இரண்டாவது தாக்குதலில் போய்விட்டார் என்று விளக்கினீர்கள். அரிதாகக் கிடைக்கும் நோயாளி என்றீர்கள். அப்போது உங்கள் முகம் கல்யாண வீட்டுக்கு வந்தவர் முகம்போல இருந்தது. பிறகு நினைவு வந்து முகத்தை மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தீர்கள்.

"நீங்க பார்த்துக்கிட்ட மாதிரி யாரும் பார்த்துக்க முடியாதும்மா."

உண்மைதான். ஆனால் அவர் மூளையில் அந்த இடம் நன்றாகத்தான் இருந்தது. விட்டிருந்தால் குறட்டை விட்டுத் தூங்கியிருப்பார்.

முதல் தடவை வந்தபோது நீங்கள் எனக்குப் பாடம் நடத்தியது ஞாபகம் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். முட்டைக்கு மேல் இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். மூளையில் அடிபட்ட இடத்தின் ஓரத்தில் பிழைத்துக் கிடக்கும் செல்களுக்குள் சில ஜீன்கள் விழிக்கும், நரம்பு புதிதாகக் கிளை விட அவைதான் உத்தரவு கொடுக்கும், அந்த வேலை தூக்கத்தில்தான் ஒழுங்காக நடக்கும். "நைட் ஷிப்ட் மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கோங்கம்மா" என்றீர்கள். எங்களுக்கு ஏற்ற உதாரணம் என்று உங்களுக்கு ஒரு திருப்தி. கட்டிலில் கிடந்தவர் உருக்கு ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவர் ரத்த அழுத்தத்தை மட்டும் கேட்டீர்கள்.

அதற்கப்புறம் எலிகளைப் பற்றிச் சொன்னீர்கள். எலிகளுக்குப் பக்கவாதத்தை வரவழைத்து, ஒரு கூட்டத்தைத் தூங்கவிட்டீர்கள், இன்னொன்றைத் தூங்கவிடவில்லை. அடிப்பீர்களா, கரண்ட் வைப்பீர்களா என்று கேட்டேன். பதறிப் போனீர்கள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. ரொம்ப மென்மையாத்தான். கண்ணு சொருகும்போது கூண்டை லேசா தட்டுவோம். புதுசா ஒரு காகிதமோ பஞ்சோ உள்ள போடுவோம். அது எழுந்து வந்து மோந்து பார்க்கும். அவ்வளவுதான்."

"தூங்காத எலிங்க என்னாச்சு?"

"கை கால் தேறவே இல்ல. சிலது செத்துப்போச்சு. அதுக்குத்தாம்மா சொல்றேன், இவரைத் தூங்க விடுங்க."

சரி என்றேன். உங்களுக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள், அவர் தூங்கினால் பேசாமல் திரும்பிப் போகமாட்டார்கள். அது பார்த்த கணக்கில் சேராது. தோளைத் தட்டி எழுப்ப வேண்டும். தன் முகத்தை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோய், நான் யாருன்னு தெரியுதா என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்ட வேண்டும். கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அந்தத் தலையாட்டல்தான் ரசீது. மற்ற வீடுகளில் வாசலில் ஒருத்தி நின்று, இப்பதான் கண்ணசந்தாரு, அப்புறம் வாங்க என்று திருப்பி அனுப்புவாள். நான் கதவைத் திறந்து வைத்தேன்.

முதலில் வந்தவன் பாக்கியராஜ். அவரிடம் பல வருஷம் வேலை பார்த்தவன்.

"இன்னா மேஸ்திரி, லீவு கேட்டா மூஞ்சிய திருப்பிக்குவியே, இப்ப நீயே லீவு போட்டுக்கினு படுத்துக்கினுகீற? எங்க, நான் யாருன்னு சொல்லு பாப்போம்."

அவருக்குப் பேச்சு போயிருந்தது. வலது பக்கமும் போயிருந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கினார். பாக்கியராஜுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் தன் கூட்டாளிகளையெல்லாம் அழைத்துவந்தான். எல்லோரும் தங்கள் பங்குக்கு அதே கேள்வியைக் கேட்டார்கள்.

பிறகு நானே போன் செய்ய ஆரம்பித்தேன். மீஞ்சூரில் அவருடைய தங்கை வீட்டுக்கு, பள்ளிப்பட்டில் பங்காளி வீட்டுக்கு, பழைய ஆலைக்காரர்களுக்கு. "உங்களைத்தான் கேட்டுக்கினே கீறாரு" என்பேன். வாயே திறக்க முடியாத ஆள் எப்படிக் கேட்பார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தன்னைத்தான் கேட்டார் என்றால் யாருக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை.

எதிர்வீட்டு முத்தம்மா அக்கா ஜெபமாலைக் குழுவுக்குத் தலைவி. வசதியான நேரத்தை என்னையே சொல்லச் சொன்னாள். மதியம் சாப்பாடு ஊட்டிய கையோடு அவருக்கு நல்ல தூக்கம் வரும். மதியம் என்றேன். பத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று கைதட்டிப் பாடினார்கள்.

"தூங்கினுகீறாரே மேரி. எழுப்பட்டுமா?"

"எழுப்புங்கக்கா. உங்க குரலக் கேட்டா அவருக்குத் தெம்பு."

முத்தம்மா அக்காவின் குரல் பஸ்ஸில் இருந்தால் ஹாரன் தேவையில்லை. அதைப் புகழ்ந்த ஒரே ஆள் நான்தான். அதிலிருந்து ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை.

ஆள் வராத நேரத்துக்கு நான் இருந்தேன். கண் சொருகும்போது ஈரத்துணியால் முகம் துடைப்பேன். தலையணையைச் சரி செய்வேன். திரையை விலக்குவேன். ஒருநாளும் கை ஓங்கியதில்லை, சத்தமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாத்திரைகள் ஒன்றுகூடத் தவறவில்லை. முதுகில் ஒரு புண் கிடையாது. நீங்களே புரட்டிப் பார்த்து மெச்சினீர்கள்.

கொஞ்ச நாளில் வெளிக்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டாலே அவருக்குக் கண்ணில் நீர் வழியத் தொடங்கியது. "பாரேன், நம்மளப் பாத்தா பாசத்துல அழுவுறாரு மனுசன்" என்றாள் முத்தம்மா அக்கா. வந்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் டீ போடப் போனேன்.

காரணம் கேட்பீர்கள். உங்கள் படிப்பில் எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும்.

அன்பு எங்களுக்கு ஒரே பிள்ளை. டிப்ளமோ முடித்துவிட்டு வேறு வேலை தேடியவனை, சும்மா உட்கார்ந்திருக்காதே என்று இவர்தான் தன் ஆட்களோடு உலைக்கு அனுப்பினார். அன்றைக்கு இரவு வேலை முடித்து வந்தவன், ஒரு காலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் விழுந்து தூங்கினான். பகல் ஷிப்டில் ஒரு ஆள் குறைந்தது. அந்த ஒரு ஆளுக்காக, தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை மறுபடி வேலைக்கு வரவைத்தார் இவர். புதுவாயல் ஜங்ஷனுக்கு முன்னால், ஓரமாக நின்றிருந்த கன்டெய்னர் லாரியின் பின்னால் அவன் பைக் நேராகப் போய் மோதியது. பிரேக் பிடித்த தடமே சாலையில் இல்லை என்றார் போலீஸ்காரர். தூங்கிக்கொண்டே போயிருக்கிறான்.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் இவர் பேசியதை நான் கேட்டேன். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. நாங்கல்லாம் ரெண்டு மூணு ஷிப்டு சேந்தாப்ல பாத்தவங்க. தூக்கம் எங்க ஓடிப்பூடுது?" சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். நன்றாகத் தூங்கினார். அவருக்குப் பக்கவாதம் வந்தது அடுத்த வருஷம். அதற்குள், அவருக்கு ஒரு தண்டனை வரும் என்று எதிர்பார்க்கவும் நான் மறந்திருந்தேன். நீங்கள்தான் வந்து எலிகளைப் பற்றிச் சொன்னீர்கள்.

கடைசியாக வந்தது பள்ளிப்பட்டு அப்பாவு மாமா. போன் செய்த பிறகும் நெடுநாள் சாக்குச் சொல்லிவிட்டு, ஒரு மதியம் கொய்யாப் பழங்களோடு வந்தார். அவர் பேசியது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

"நைனா, நான் யாருன்னு தெரிதா? இன்னா, கண்ணு மட்டும் ஒரு பக்கமா போவுது? நல்லா பாரு. அப்பாவு. பள்ளிப்பட்டு அப்பாவு."

தலை ஆடாததால் திரும்பக் கேட்டார். மறுபடியும் கேட்டார். ரசீது வாங்காமல் போக அவருக்கு மனசில்லை. பால் பொங்கி அடங்கியது, தூள் போட்டேன், வடிகட்டினேன். டம்ளரோடு நான் போனபோது மூச்சு மட்டும் இருந்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அதுவும் நின்றது.

ஆகவே, டாக்டர், அந்தப் பத்திக்கு என் சம்மதம் இல்லை. அவர் மூளைக்குத் தூங்கத் தெரிந்திருந்தது. ஆரோக்கியமேரி என்கிற நான், நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையில், தெரிந்தே, அவரைத் தூங்கவிடாமல் கொன்றேன். போலீஸுக்குச் சொல்வதானால் சொல்லுங்கள். அவர்களுக்கும் டீ கொடுப்பேன். உங்கள் பட்டை இதையெல்லாம் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. எழுப்பியது யார் என்பதைத்தான் அது சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

இன்னொன்று. கடைசி நாட்களில் நான் முகம் துடைக்கப் போனால் அவர் இடது கையால் சுவரில் இருக்கும் அன்புவின் படத்தைக் காட்டுவார், பிறகு என்னைக் காட்டுவார். மகனைக் காட்டி உனக்கு ஆறுதல் சொல்கிறார் என்றாள் முத்தம்மா அக்கா. அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில் அவர் ஆலை வாசலில் இருந்தார், போன் வந்தது எனக்கு என்கிறார். பெரிய கண்டுபிடிப்பு. பிள்ளையை அனுப்பச் சொன்னவர் அவர்தானே. இன்னும் கொஞ்ச நேரம்மா என்று அன்பு கெஞ்சினான்தான். அதற்காக அவனை நான் அடிக்கவா செய்தேன்? ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, கையில் டீயைக் கொடுத்து, ரொம்ப மென்மையாகத்தான் எழுப்பினேன்.