இத்தாலியில் சைக்கிள் மிதித்தவர்

விராலிமலை பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இருந்த பட்டாளத்து இளைஞர், பக்கத்தில் இருந்த கனத்த பெரியவரிடம் சொன்னார்:

“சண்டையப்போ இத்தாலில ஏரிக்கரை, மலை, திராட்சைத் தோட்டம்னு சரளை ரோட்டுலயே நாப்பது மைலு சைக்கிள் மிதிச்சிருக்கேன்.”

“பஸ்ஸு மேல கெடக்குற சைக்கிள் ஒங்களுதுதானே?”

“ஆமாங்க. பொண்ணு பாக்கப் போறேன். வீட்டாளுக காலையிலயே போயிட்டாங்க. நான் புதுக்கோட்டையிலேருந்து மிதிச்சே வாரேன்னு கடுதாசி போட்டிருக்கேன்.”

“மிதிக்கலையே?”

“வெயிலுங்க. கண்மாய்க்கரையில எறங்கி, மூஞ்சியில புழுதியத் தடவிக்கிட்டு, மிச்ச ரெண்டு மைலை மிதிச்சுருவேன். யாருக்குத் தெரியப் போகுது?”

கண்மாய்க்கரையில் நானும் இறங்கினேன். கண்டக்டர் சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். பெரியவரும் இறங்கி, பின்னால் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“நானும் அந்த ஊருதான். வழி பூரா மேடு. இத்தாலி மலை ஏறுன காலுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்.”

இளைஞர் எழுந்து நின்று மிதித்தார். சைக்கிள் ஒரு முழம் நகர்ந்தது.

“நீங்க யாரு வீட்டுக்குங்க?”

“இன்னைக்கு எங்க ஊருல ஒரே ஒரு வீட்டுக்குத்தான் பொண்ணு பாக்க வாராங்க. பொண்ணு எங்க அக்கா மக.”

சைக்கிள் நின்றது.

“புழுதி தடவ மறந்துட்டீங்களே, மாப்பிள்ளை.”