முதல் காட்சியில் எழுந்து நின்றவர்

ஹட்டனில் பகல் காட்சி முடிந்து நோர்வூட் பஸ் ஏறினேன். முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருவர்.

"கொலைப் படத்துக்குப் போயி கொலையப் பாக்காம வந்தவன் நான் ஒருத்தன்தான் மச்சான்."

"தூங்கிட்டியா?"

"எங்க தூங்குறது? எந்த ஊரு, யாரு பெரியாளுன்னு எடுத்த எடுப்புலயே புரிய வச்சுட்டானுங்க. பனிமூட்டம், பூட்ஸ் சத்தம், தொப்பி, கையில பிரம்பு. துரை காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வந்துட்டாருன்னு கை தன்னால தலப்பாவ அவுத்துருச்சு. எந்திரிச்சு குனிஞ்சு நின்னுட்டேன். பின்னால உள்ளவங்க 'உக்காருய்யா'ன்னு கத்துறாங்க. நிமிந்து பாத்தா பொணம் கெடக்கு."

"யாரு செத்தது?"

"அதே துரைதான். அப்பவும் உக்கார பயமா இருந்துச்சு. சொவத்தோரமா நின்னுக்கிட்டேதான் முழுப் படத்தையும் பாத்தேன்."