மூடியைத் திறந்தால் ஓடும் கார்

தம்பானூரில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், பட்டுப்புடவையில் ஒரு மாமியும் வியர்த்துப்போன அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் நின்றுபோன பழைய காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று பேச்சிலிருந்து புரிந்தது.

“இந்நேரம் பேத்திக்குப் பேர் வச்சிருப்பா. உங்க காருக்கு வைக்க எங்கிட்ட நல்ல நல்ல பேரா இருக்கு.”

“பிளக், பேட்டரி, பெட்ரோல் பம்ப் எல்லாம் மாத்தியாச்சு. அதுக்குப் பின்னேயும் நின்னா நான் என்ன பண்ணுவேன்?”

“டாங்க் மூடியைத் திறந்தா உஸ்ஸுனு காத்தை உள்ளே இழுக்கறது, அப்புறம் ஸ்டார்ட் ஆறது. புது மூடி போட்டதுலேர்ந்துதான் இந்தக் கூத்து. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

“வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

அவர் போன் அடித்தது. மெக்கானிக். கேட்கக் கேட்க மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதே, அதே! மூடியில காத்துப் போக ஓட்டை இல்லைன்னு எனக்கு அப்பவே சம்சயம்தான்!”

போனை வைத்தார். மாமி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்:

“காதுகுத்துக்கு நான் ஓட்டிண்டு போறேன். நீங்க பின்னாலே பஸ்ஸில வாங்கோ.”