முந்தி விழுந்த பொறி

வண்டியை வெயிலில் போட்டுவிடாமல் கூரைக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும், மேடம். உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் கிடக்கும் மற்ற வண்டிகளைப் பார்த்தேன். எல்லாம் துருவேறிப் புல் முளைத்துக் கிடக்கின்றன. எழுபது வயதான இங்கிலீஷ் மோட்டர்சைக்கிள் இது. மூன்று மாத மழையைத் தாங்கியிருக்காது.

சத்தியசீலனின் மகள் ரூபினி ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து அனுப்பிய கடிதமும் என் ஐ.சி. அடையாள அட்டையும் உங்கள் மேசையில் இருக்கின்றன. நான் ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் அப்பாவின் வண்டி எனக்கு வந்துவிடும். பேனாவை நீட்டிக்கொண்டே நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அங்கிள், ஓடிக்கிட்டிருந்த இன்ஜின் எப்படி அப்படியே லாக் ஆச்சு?"

பழைய இன்ஜின், பிஸ்டன் இறுகிவிட்டது, பின்சக்கரம் நின்றது, விபத்து என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. பிஸ்டன் ஏன் இறுகியது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள், ஆகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

என் பெயர் சிவநேசன். வயது அறுபத்து மூன்று. பாடாங் மேஹாவில் தனியாக இருக்கிறேன். சத்தியசீலனும் நானும் கூலிமில் ஒரே தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தோம். ஒரே ஷிப்ட், கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். அவன் தகடு அடிக்கும் பிரஸ்ஸில் நின்றான். நான் மெஷின் பழுது பார்க்கிறவன். அந்த பிரஸ் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கனமான சத்தங்கள் கேட்கும். மெல்லிய சத்தங்கள் முதலில் போயின, பிறகு பேச்சும் பாதி போயிற்று. ரூபினி காதுக்கருவி வாங்கிக் கொடுத்திருந்தாள். ஹெல்மெட் போட்டால் அது கீச்சென்று கத்தும் என்று வண்டியில் ஏறும்போது கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

என் மனைவி அழகம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் காலை ஆறேகாலுக்கு அந்த கம்பெனி பஸ் என் வீட்டைத் தாண்டிப் போகும். நான் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் சீலன் இந்த வண்டியை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கோலா கெத்திலில் யாரோ கோழிக்கூண்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தார்களாம்.

"நேசா, ஓடுது லா. ஆனா பத்து நிமிஷம்தான். அப்புறம் இருமுது, பின்னால வெடிக்குது. என்னா கோளாறுன்னு நீதான் பாக்கணும்."

டைமிங் கோளாறு. சிலிண்டருக்குள் பெட்ரோல் புகையைக் கொளுத்தும் பொறி, பிஸ்டன் உச்சிக்கு ஏறுவதற்குச் சற்று முன்னால் விழ வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. பிளக் துவாரத்தில் ஒரு குச்சியை விட்டு பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அந்தப் பொறியை உண்டாக்கும் மேக்னெட்டோவின் இரண்டு முனைகளுக்கு நடுவே மெல்லிய சிகரெட் தாளைச் செருகி இழுத்துப் பிடிப்போம். முனைகள் விலகித் தாள் கைக்கு வந்துவிடும் அந்த நொடிதான் பொறி விழும் நொடி. குச்சியை நான் பிடிப்பேன், தாளைச் சீலன் பிடிப்பான். "வந்திருச்சு, வந்திருச்சு" என்று சொல்லும்போது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது சனிக்கிழமையே கோளாறு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சீலன் ரொட்டி சானாய் வாங்கப் போயிருந்தான். மேக்னெட்டோவைச் சுழற்றும் பல்சக்கரம் ஒரு கூம்பான தண்டில் இறுகி உட்கார வேண்டும். அதில் எண்ணெய் பட்டிருந்தது. நாம் சரியாக வைத்தாலும் வண்டி சூடானதும் சக்கரம் நழுவி டைமிங் மாறிவிடுகிறது. பெட்ரோல் போட்டுத் துடைத்து, உலரவிட்டு, இறுக்கினால் முடிந்தது. இருபது நிமிட வேலை.

நான் அதைத் துடைக்கவில்லை. இருந்தபடியே மூடி வைத்தேன். ரொட்டியோடு வந்தவன், "என்னா, தெரிஞ்சிச்சா?" என்று கேட்டான். "இன்னும் பாக்கணும் லா" என்றேன்.

பதினான்கு மாதம் பார்த்தோம், மேடம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் கூலிமிலிருந்து வருவான். டைமிங் வைப்போம், ஓட்டிப் பார்ப்போம், அது நழுவும். காயிலை மாற்றினோம், கார்புரேட்டரைப் பிரித்தோம். அவன் ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் புடிச்சிருவோம் லா" என்பான். அவன் பிளேட்டையும் கோப்பையையும் நான் கழுவி என்னுடையவற்றோடு அடுக்கி வைப்பேன். இதில் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

போன வருடக் கடைசியில் ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "ரூபினி வரச் சொல்றா. பேரப்புள்ளய பாத்துக்க ஆள் இல்லையாம். விசா வந்திருச்சு. போனா திரும்பி வரமாட்டேன்னு நெனைக்கிறேன்."

"நல்லது லா" என்றேன்.

"மோட்டர நீ வச்சுக்க. வேற யாருக்குக் குடுப்பேன்? ஆனா போறதுக்கு முன்னால ஒரு தடவ பாலிங் வரைக்கும் ஒழுங்கா ஓட்டிப் பாக்கணும். அது மட்டும் செஞ்சு குடு."

செய்து கொடுக்கிறேன் என்றேன். அடுத்த மூன்று நாட்களும் நான் அந்த வண்டியோடுதான் இருந்தேன். கூம்பான தண்டைப் பெட்ரோலில் கழுவினேன். துணியால் துடைத்தேன், விரல் படாமல் காயவைத்தேன். அதன்பின் பிஸ்டன் நிற்க வேண்டிய இடத்திலிருந்து நன்றாகக் கீழே இருக்கும்போதே பொறி முந்தி விழும்படி வைத்து இறுக்கினேன். அந்தப் பல்சக்கரத்தை நழுவாமல் நான் இறுக்கியது அதுதான் முதல் தடவை.

இந்த வண்டியின் கைப்பிடியில் சின்ன லீவர் ஒன்று இருக்கிறது. உதைத்து ஸ்டார்ட் பண்ணும்போது அதைத் தள்ளிப் பொறியைப் பிந்த வைக்கலாம். அதனால் ஸ்டார்ட் ஆவதில் எந்த வித்தியாசமும் தெரியாது. லீவரைத் திருப்பி ஓட்டும்போதுதான் பொறி மிகவும் முந்தும். அப்போது இன்ஜினுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று எழும், தகரத்தில் ஊசி மழை விழுவதுபோல. காது கேட்கிறவன் எவனும் உடனே லீவரைத் தள்ளிவிடுவான். தள்ளாமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி, விரிந்து, இறுகும்.

சீலனுக்கு அந்தச் சத்தம் கேட்காது. பதினான்கு மாதமாக அவனுக்குப் பதிலாக அதைக் கேட்டுச் சொன்னவன் நான்தான்.

ஞாயிறு காலை கிளம்பினோம். அவன் முன்னால், நான் என் சின்ன மோட்டர்சைக்கிளில் பின்னால். பாடாங் மேஹாவைத் தாண்டும் முன்பே எனக்குக் கேட்டது. கோலா கெத்தில் வரைக்கும் விடாமல் கேட்டது. அங்கே ஒரு கடையில் நிறுத்திப் பாலில்லாத தே ஓ குடித்தோம். இன்ஜினுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு சூடு. அவன் காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு கேட்டான்.

"டிங் டிங் சத்தம் ஏதும் கேட்டுச்சா?"

"ஒன்னும் கேக்கல. நல்லா ஓடுது."

"சூடு ஜாஸ்தியா இருக்குதே லா."

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும். மெதுவா போ."

"நீ கேட்டுட்டு சொன்னா சரி" என்றான். என் தோளில் தட்டினான். கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

பாலிங் ரோட்டில் ஒரு மேடு வரும், இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். அந்த மேட்டில் அவன் வேகத்தைக் கூட்டினான். வண்டி ஒழுங்காக ஓடியதே அவனுக்கு அன்றைக்குத்தான், சந்தோஷத்தில் இருந்தான். பின்சக்கரம் திடீரென்று நின்றது. தார் ரோட்டில் ஒரு கறுப்புக் கோடு, அவ்வளவுதான். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தது. அந்த டிரைவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் போனபோது உயிர் இருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மேடம். பல்சக்கரம், எண்ணெய், பதினான்கு மாதம், கடையில் சொன்ன பொய் எல்லாவற்றையும். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா சொல்ற? கேக்கல லா" என்றான்.

சட்டைப்பைக்குள் கையை விட்டேன். கருவி நொறுங்கிக் கிடந்தது. நான் மறுபடி சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கண் என் முகத்திலிருந்து நகர்ந்துவிட்டது.

சாவுக்கு வந்த ரூபினி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லன்னா அப்பா எப்பவோ ஒடஞ்சு போயிருப்பாரு, அங்கிள்" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. இப்போதும் சாப்பாடு இறங்குவதில்லை. அந்த பஸ் போகும்போது நான் வாசலுக்கு வருவதும் இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். அவன் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். கடவுள் சத்தியமாக இல்லை. ஒரு கால் முறியும், அல்லது இடுப்பு, விசா தேதி போய்விடும் என்றுதான் நினைத்தேன். மகள் வேலைக்குப் போகிறவள், கைக்குழந்தைக்காரி. படுக்கையில் கிடக்கும் ஆளை அவள் எப்படிப் பார்ப்பாள்? நான் பார்ப்பேன். அழகம்மாவை இரண்டு வருடம் பார்த்த கை இது.

வேண்டுமானால் என் வீட்டுக்கு வந்து பாருங்கள். கீழ் அறையைக் காலி செய்து வெள்ளையடித்து வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிகளில் இருக்குமே, தலைமாட்டை உயர்த்தும் கட்டில், அதையும் நாங்கள் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே வாங்கிப் போட்டுவிட்டேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்திருக்கிறேன். ஜன்னல் பக்கம் காற்று நன்றாக வரும்.

மெதுவாகப் போ என்று அவ்வளவு சொன்னேன், மேடம். கேட்டிருந்தால் இந்நேரம் அந்தக் கட்டிலில் நிம்மதியாகப் படுத்திருப்பான்.