நூற்றுப் பன்னிரண்டாவது காய்

பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது நல்லது. விலையெல்லாம் அப்புறம். ஈரம் பட்ட அட்டைக்கு ஒரு வாடை உண்டு. சிகரெட் பிடிக்கிற வீட்டிலிருந்து வந்த பெட்டியையும், பூனை வளர்க்கிற வீட்டிலிருந்து வந்த பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மாநாட்டுக் கடையில் எனக்கு 'மோப்பம்' என்று பெயர் விழுந்தது இதனால்தான். என் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. நீங்கள் மேலே எழுதிக்கொண்டுவிட்டீர்கள், அது போதும்.

கால் ஆடுவதைப் பொருட்படுத்தாதீர்கள். பயம் எல்லாம் இல்லை. விரலில் உருட்டுவதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் எனக்குக் கால் ஆடும். இன்னொன்று, என் வீட்டிலிருந்து எடுத்து வந்த அந்தப் பெட்டியை உங்கள் ஸ்டேஷன் அலமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். அது படுக்க வைக்க வேண்டிய பெட்டி. நிமிர்த்தினால் காய்கள் குழியிலிருந்து நழுவி ஒரு மூலையில் குவிந்துவிடும். உள்ளே வந்ததிலிருந்து என் கண் அங்கேதான் போகிறது. யாராவது அதைப் படுக்க வைத்தால் நான் இன்னும் கோவையாகப் பேசுவேன். முடியாதென்றால் பரவாயில்லை.

லிஃப்ட் அண்ணன் இறந்த அன்று நான் அவர் வீட்டில் இருந்தேனா என்று கேட்டீர்கள். இருந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும். கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள், ஊர்க்கோடியில் உள்ள பெரிய கண்காட்சிக் கூடத்தில் போர்டு கேம் மாநாடு நடக்கும். வயது வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் மேசை மேசையாக உட்கார்ந்து காய் நகர்த்திக்கொண்டிருப்பார்கள். கூடத்தின் பின்பக்க அறையில் பழைய விளையாட்டுக் கடை. வீட்டில் சும்மா கிடக்கிற விளையாட்டை யார் வேண்டுமானாலும் அங்கே ஒப்படைக்கலாம். ஒரு சீட்டில் தன் எண்ணையும் கேட்கிற விலையையும் எழுதிப் பெட்டியில் கட்ட வேண்டும். காய் குறைந்தால் எது குறைகிறது என்று மறைக்காமல் எழுத வேண்டும். அவர்கள் சார்பில் நாங்கள் விற்போம். விற்ற பெட்டியின் சீட்டைக் கிழித்து, பாதியைச் சொந்தக்காரரின் உறைக்குள் போட்டு வைப்போம். விற்காததைக் கடைசி நாள் மாலை அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

அந்த அறையை நடத்துகிறவர் சீட்டு அக்கா. மற்ற நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸில் பழகிய குரலால் எங்களையும் ஓட்டுவார். நான் பதினோரு வருஷமாகச் சரிபார்ப்பு மேசை. பெட்டியைத் திறந்து, காய்களை எண்ணி, சீட்டில் இருப்பது சரியென்றால் கையெழுத்துப் போட வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

அந்த மேசையில் உட்கார்ந்தால் ஒரு விஷயம் புரியும். யாரும் விளையாட்டை விற்பதில்லை. குழந்தை பிறக்கிறது, சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள், புருஷன் பெண்டாட்டி பிரிகிறார்கள், யாராவது போய்ச் சேர்கிறார்கள். பெட்டி தானாக மேசைக்கு வந்துவிடுகிறது. காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

'துறைமுகம்' ஒன்பது வருஷத்துக்கு முன் அப்படித்தான் வந்தது. ஒரு தச்சர் தன் பட்டறையில் இருநூறு பெட்டி செய்துவிட்டு நிறுத்திக்கொண்ட விளையாட்டு. படகும் மூட்டையுமாக, பல நிறத்தில் நூற்றுப் பன்னிரண்டு மரக்காய்கள். ஒவ்வொன்றுக்கும் தட்டில் தனிக் குழி. முகர்ந்து பார்த்தேன், மெழுகு வாடை மட்டும்தான். எண்ணினேன், கையெழுத்துப் போட்டேன். கதவு திறக்கிற வரை கடையில் வேலை செய்கிறவர்கள் எதையும் வாங்கக் கூடாது என்பது விதி. கதவு திறந்தது. நான் மேசையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், வரிசையில் முதலில் நின்றவர் அதைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர்தான் லிஃப்ட் அண்ணன். அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

"என்ன தம்பி, மூஞ்சி இப்படித் தொங்குது? உனக்கும் இது மேல கண்ணா? வீட்டுக்கு வா, சேர்ந்தே ஆடலாம்" என்றார்.

நல்ல மனுஷன். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். ஒன்பது வருஷம், மாதத்தில் இரண்டு தடவையாவது அவர் வீட்டுக்குப் போனேன். எப்போதும் எனக்கு ஊதா. யோசிக்கும்போது ஊதாப் படகை விரலில் உருட்டிக்கொண்டே இருப்பேன், பிறகு தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். "பையக் கொட்டிட்டுப் போடா" என்று அண்ணன் வாசல் வரை வந்து சிரிப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கேட்பேன்.

"இதக் குடுத்துட்டா அப்புறம் நீ இந்தப் பக்கம் எட்டியாவது பாப்பியா?" என்பார்.

நியாயமான கேள்விதான்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. இயந்திர அறையில் ஓர் அட்டை தொங்கும். யார் திறந்து பார்த்தாலும் தேதி, பார்த்த விவரம், கையெழுத்து. அண்ணன் அதே மாதிரி அட்டை ஒன்றைத் 'துறைமுகம்' மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தார். ஆடி முடித்து, எண்ணி, 'நூற்றுப் பன்னிரண்டு' என்று எழுதி, சுருக்கமாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூடுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு வரி விட்டதில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் இறந்தார். லிஃப்ட் குழியின் தூசி நெஞ்சில் ஏறிப் பழைய மூச்சிரைப்பு. எப்போதும் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். அண்ணி தையல்காரர், தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் அசையாமல் இருந்தாராம். மூச்சுத்திணறல் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அது பொய் இல்லை. மறுநாள் போனேன். இரண்டு வாரமாக அண்ணனைப் பார்க்கவே முடியவில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். அது பொய்.

அதன் பிறகும் அண்ணியைப் பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பல்பு மாற்றிக் கொடுத்தேன், தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலமாரியைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருவேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்கார முடியாது, எழுந்து நடப்பேன்.

"எதுக்கு தம்பி இப்படித் தவிக்கிறீங்க? எனக்குத்தான் தவிப்பு இருக்கணும்" என்று ஒரு நாள் அண்ணியே சொன்னார். பிறகு, "இந்தப் பெட்டியெல்லாம் பாத்தா நெஞ்ச அடைக்குது. அந்த மாநாட்டுக் கடையில போட்டுடலாமா? உங்களுக்கு எதாவது வேணும்னா முதல்ல எடுத்துக்கோங்க."

வேண்டாம் என்றேன். அவர் கையிலிருந்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாம் முறைப்படி சீட்டுக் கட்டிக் கடைக்கு வரட்டும், நானும் மற்றவர்களைப் போல வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாநாட்டின் முதல் நாள் காலை பெட்டி என் மேசைக்கு வந்தது. கதவு திறக்க மூன்று மணி நேரம் இருந்தது. சீட்டில் அண்ணியின் கையெழுத்து: 'குறை: ஊதாப் படகு ஒன்று. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.'

படகு என் சட்டைப் பையில் இருந்தது. எட்டு மாதமாக இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்வேன்.

நீங்கள் நினைப்பது சரி. அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவு திறந்ததும் வாங்கி, வீட்டுக்குப் போய்ப் படகை வைத்திருந்தால் இன்றைக்கு நாம் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம். எனக்கும் அது தெரியும். அடுத்த பெட்டியை எடுத்தேன். பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப இதைத் திறந்தேன். மூடினேன். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமல் வந்தேன். தட்டில் நூற்றுப் பதினொரு குழி நிறைந்திருக்கிறது, ஒன்று மட்டும் பல் விழுந்த மாதிரி. அதற்கு உரிய காய் என் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

"என்ன மோப்பம், ஒரு பெட்டிக்கு ஒரு மணி நேரமா? எண்ணுறியா, தாலாட்டுறியா?" என்று சீட்டு அக்கா அங்கிருந்தே கத்தினார்.

"எண்ணுறேன்க்கா."

"கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண்ணு தெரியலன்னா நாங்க எங்க போறது? சீக்கிரம் தள்ளு."

படகை அதன் குழியில் வைத்தேன். சின்னதாக ஒரு சத்தம் வரும், மரம் மரத்தில் உட்காருகிற சத்தம். மூடியில் இருந்த அட்டையைப் பார்த்தேன். கடைசி வரி, அண்ணன் கையெழுத்து: 'புதன். நூற்றுப் பன்னிரண்டு.' அட்டையும் பெட்டியும் ஒத்துப்போயின. எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது. அண்ணி எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'முழுமை, நூற்றுப் பன்னிரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கதவு திறந்ததும் வரிசையில் நின்று, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். ரசீது வீட்டில் இருக்கிறது.

கடைசி நாள் மாலை அண்ணி வந்து உறையை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். நான் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். உறையில் இருந்த பாதிச் சீட்டை, நான் 'முழுமை' என்று எழுதியிருந்ததை, கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"படகு எங்க தம்பி இருந்துச்சு?"

"தட்டுக்குக் கீழ போயிருந்துச்சு அண்ணி."

"தட்டக் கழட்டிப் பாத்தேன் தம்பி. மெத்தை உறையப் பிரிச்சுப் பாத்தேன். பொத்தான் கொட்டினா ஒண்ணு விடாம பொறுக்குறவ நான்." குரல் உயரவில்லை. "புதன்கிழமை அவரும் நானும்தான் ஆடினோம். அவர் எண்ணினார், நான் பக்கத்துல இருந்தேன். நூத்திப் பன்னெண்டு. வியாழக்கிழமை மத்தியானம் அவர் போயிட்டாரு. நடுவுல யாரு தம்பி அந்தப் பெட்டியத் தொறந்தது?"

லென்ஸின் விளிம்பு கொஞ்சம் உடைந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் என் கையில் உடைந்த முதல் லென்ஸ். அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் போய்விட்டார். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

வியாழன் எங்கள் கடைக்கு விடுமுறை. பதினொன்றரைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி அப்போதுதான் கிளம்பியிருந்தார். அண்ணன் உற்சாகமாக இருந்தார். காய்களை அடுக்கினோம். ஆட்டம் பாதியில் இருக்கும்போது சொன்னார்:

"ஒரு முடிவு பண்ணிட்டேன்டா. இந்த வருஷம் இத மாநாட்டுக்கே குடுத்துடப் போறேன். மூணு நாளும் ஒரு மேசையில போட்டு வைக்கட்டும். யாரு வேணும்னாலும் ஆடட்டும். நாம ரெண்டு பேரே எத்தனை நாளைக்கு மூடி மூடி வைக்கிறது?"

யார் வேண்டுமானாலும். டீ குடித்த கை, எண்ணெய்க் கை. ஒரே வருஷத்தில் பாதிக் காய் போய்விடும். அட்டையில் யார் எழுதுவார்கள்? இதை அவரிடம் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இரைப்பாயிற்று. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அத... எடு" என்றார்.

இன்ஹேலர் மேசை மேல் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. பலகை விரித்தபோது இடைஞ்சல் என்று நான்தான் அந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்தேன். அவர் கை நீட்டினார். பலகைக்குக் குறுக்கே நீட்டினார். அவர் விரல் பட்டு இரண்டு படகுகள் கவிழ்ந்தன. இன்னும் நீட்டினால் எல்லாம் தரையில் உருண்டுவிடும் என்று தோன்றியது. இன்ஹேலரை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் காய்களை எடுத்து வைத்துவிடுவோம், பிறகு கொடுப்போம் என்று நினைத்தேன். நிறம் நிறமாகப் பிரித்து, துடைத்து, குழியில் வைத்தேன். நூற்றுப் பதினொன்றுதான் வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து தேடினேன். அவர் காலை நகர்த்திவிட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. பையில் இருந்தது பஸ்ஸில் போகும்போதுதான் தெரிந்தது. மூடியைப் போட்டு, பெட்டியை அலமாரியில் அதன் இடத்தில் படுக்க வைத்து, இன்ஹேலரை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், எடுக்கவில்லை. நான் திருடன் இல்லை.

எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்கிறீர்கள். பன்னிரண்டு நிமிஷம் இருக்கலாம். அவர் கத்தவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணுவதில் எங்கேயாவது தப்பு வருகிறதா என்று கவனிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதனால் இன்னும் நிதானமாக எண்ணினேன்.