மேலுக்குத் தடவிய ஜெல்

பம்மல் ஷேர் ஆட்டோவில் ஒரு அக்கா, பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் சொன்னாள்:

"தடுப்பூசி போட்டு பாப்பா தொடை வீங்கிக்கினு கீது. எங்க வூட்டுக்காரரோட முட்டிவலி ஜெல்லைத் தடவிட்டேன்."

"ஐயோ அக்கா! அது பெரியவங்க மருந்து."

"மேலுக்குத்தானேம்மா? வாய்லயா குடுத்தேன்?"

"பார்மசி காலேஜ்ல நாங்க இந்த மாதிரி ஜெல்தான் செய்றோம். மருந்தைக் கண்ணுக்கே தெரியாத எண்ணெய்த் துளியா உடைக்கிறதே தோல் வழியா உள்ள இறங்கத்தான். குழந்தைத் தோல் இன்னும் மெலிசுக்கா, மேல துணி சுத்தினா இன்னும் அதிகமா ரத்தத்துல இறங்கும். எத்தனை வாட்டி போட்டீங்க?"

"காலையில ஒரு வாட்டி. இன்னொரு வாட்டி போடச் சொல்லிட்டு வந்தேனே..."

அக்கா போனை எடுத்து வீட்டுக்காரருக்கு அடித்தாள்.

"யோவ், பாப்பாவுக்குத் தடவாதே!... தடவிட்டியா? துணி வேற சுத்திட்டியா? அவுத்துக் கழுவுய்யா! டாக்டராண்ட தூக்கினு ஓடு!"

ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.