சிவப்புக் கொக்கி

எனக்கு டீ வேணாம் தம்பி, நீங்க குடிங்க. நான் டீய விட்டு மூணு வருசமாச்சு. அது ஒண்ணுமில்ல, சும்மாதான். மெட்ராஸ்லருந்து பஸ்ஸ விட்டு எறங்கி நேரா கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்துட்டீங்க, செத்த நேரம் கைய ஆத்துங்க.

அப்ப இந்தப் புது சிடிய ஏத்துனா ரெண்டு நம்பரையும் ஒண்ணாக் கோக்கலாமா? நெசமாவா? அப்படின்னா ஒரே ஒரு ஒதவி. கெளம்புறதுக்கு முன்னாடி நாலாயிரத்து நானூத்திப் பதினேழாம் நம்பர் ஃபைல மட்டும் கோத்துக் குடுத்துட்டுப் போயிருங்க. மத்ததெல்லாம் நான் பொறுமையா பாத்துக்கிறேன்.

ஏன் அந்த ஃபைலா? சொல்றேன். மொதல்ல இந்தப் பழைய சிஸ்டம் படுத்துன பாட்டக் கேளுங்க. ரெண்டாயிரத்து ஒண்ணுல இந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுவரைக்கும் ரிக்கார்டு ரூம் ஆனந்தமேரின்னா நோட்டும் பேனாவுந்தான். டாக்டர் கிறுக்குனத அப்படியே எழுதி வைப்பேன். அப்புறம் உங்க கம்பெனி ஆளுக ஒரு லிஸ்ட்டக் குடுத்து, உலகம் பூரா இதே நம்பர்தான் மேடம்னாங்க. முறிவுக்கு ஒரு நம்பரு, காலுக்கு ஒண்ணு, இடதுக்கு ஒண்ணு. எல்லாஞ் சரி. ஆனா ஒரு வரிக்கு ஒரு நம்பர்தான் ஏறும். எது எதோட சேருதுன்னு சொல்ல அதுல வழியே இல்ல.

சேவுகம்பட்டி சடையாண்டின்னு ஒருத்தரு தென்னை மரத்துலருந்து விழுந்துட்டாரு. இடது கால்ல முறிவு, வலது கைல சிராய்ப்பு. ஆறு வரி அடிச்சு அனுப்புனேன். எக்ஸ்ரே ரூம்ல கைய நீட்டச் சொல்லிருக்காங்க. ஏலே, ஒடிஞ்சது காலுடான்னு மனுசன் போட்ட சத்தம் பேகம்பூர் வரைக்கும் கேட்டுருக்கும். சிரிங்க, சிரிங்க. நாங்களும் அன்னைக்கு சிரிச்சோம்.

அதுக்கப்புறம் நானா ஒரு வழி பண்ணேன். தாளு பிரிண்டாகி வந்ததும், எந்த வரி எந்த வரியோட சேருதோ, சிவப்புப் பேனாவால ஓரத்துல ஒரு கொக்கி போட்டு இழுத்து விட்டுருவேன். வார்டுல எல்லாருக்கும் அது பழகிப் போச்சு. கொக்கி இருந்தா சேத்துப் படிக்கணும், இல்லேன்னா தனித்தனி. பெரிய டாக்டரே மேரி பெரிய ஆளுதான்னாரு. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிருச்சு, பொய் சொல்லக்கூடாது.

ஆங், அந்த ஃபைலு. தோல் பதனிடுற ஷாப்புல வேலை பாத்தவரு. கால்ல ஆணி ஏறி, சீழ் வச்சு, காய்ச்சலோட வந்தாரு. சின்ன வயசுலருந்தே பென்சிலின் ஒத்துக்காது. அதையும் அடிச்சேன், விடல. அலர்ஜி ஒரு வரி. பென்சிலின் ஒரு வரி. தாளு பிரிண்டர்ல வந்துக்கிட்டு இருக்கு, அந்த நேரம் பாத்து வெளிய ஒரு வேலை. அஞ்சு நிமிசங்கூட ஆகியிருக்காது. வார்டு நர்சு வந்து தாள எடுத்துட்டுப் போயிருச்சு. பிரிஸ்கில்லான்னு பேரு, நல்ல பொண்ணு, அது மேல தப்பே இல்ல. கொக்கி இல்லியா, தனித்தனின்னு படிச்சிருச்சு. எதுக்கோ அலர்ஜி. பென்சிலின் ஏற்கெனவே போட்டுக்கிட்டு இருக்காருன்னு நெனச்சிருச்சு. அதான் டெஸ்ட் ஊசிகூட போடல. அப்பவும் ஒரு வார்த்தை கேட்டுச்சாம், அண்ணே எதாச்சும் ஒத்துக்காதான்னு. எல்லாம் கீழ ரிக்கார்டு ரூம்லயே எழுதியாச்சும்மான்னுட்டாராம். அம்புட்டு நம்பிக்கை.

ஊசி போட்டுக் கால் மணி நேரம் தாங்கல.

விசாரணைக்கு வந்தாங்க, வராம என்ன. தாளப் பாத்தாங்க. ரெண்டு நம்பரும் சரியா ஏறிருக்கு, சிஸ்டத்துல தப்பில்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. சரியாத்தான் ஏறிருக்கு தம்பி. ஆனா இன்னைக்கு எடுத்துப் படிச்சாலும், அவருக்கு பென்சிலின் குடுங்கன்னு நாஞ் சொன்ன மாதிரியேதான் இருக்கு. அதான், கோத்துருங்கன்னு கேக்குறேன். போன உசுரு வராதுன்னு எனக்குத் தெரியாதா? தாளாவது சரியா இருக்கட்டும்.

வந்துருச்சா? அதென்ன செவப்பா எழுதிக் காட்டுது? பூட்டிருச்சா? இறந்தவுங்க ஃபைல படிக்கலாம், மாத்த முடியாதா? உங்க பாஸ்வேர்டுக்குமா? மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கேட்டா... ஓ. அவுங்களாலயும் முடியாதா.

சரி விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.

என்னது? ஆமா, பேரு பிராங்கிளின். கூட வந்தவங்கன்னு கீழ போட்டுருக்கா? ஆனந்தமேரி, மனைவி. ஆமா, நாந்தான். தொண்டை வறளுது மேரி, ஒரு டீ வாங்கியாயேன்னாரு, அதுக்குத்தான் வெளிய போனேன். நீங்க குடிங்க தம்பி, ஆடை படிஞ்சு போச்சு பாருங்க.